டிபன் கேரியரில் வைத்த குடுவை

ஓய்வுபெற்ற பிறகு பழைய ஆய்வகத்துக்கு விருந்தாளியாக வருவதில் ஒரு வசதி உண்டு. யாரும் நமக்கு வேலை சொல்வதில்லை. நாம் சொல்லும் குறைகளுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதுமில்லை. போன வாரம் அப்படி வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் கண்ணாடிக் குடுவையைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "புரொசீஜர்ல இருக்குதுங்க மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால், தப்பு அவர் மேல் இல்லை. அந்த வரியைப் புரொசீஜரில் எழுதிச் சேர்த்ததே நான்தான். ஏன் சேர்த்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கமெல்லாம் போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். துணிக்கும் சாயத்துக்கும் சோதனை செய்து சான்று கொடுக்கும் வேலை. முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. ஒளிர்வுமானியில் எந்தப் பொருளும் சேர்க்காத வெறும் ஆல்கஹாலை வைத்தேன். கருவி, இது பச்சையாக ஒளிர்கிறது என்றது. இரண்டு நாள் கருவியைத் திட்டினேன், ஆல்கஹால் அனுப்பிய கடைக்காரரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், காலையில் பூசிக் குளித்த மஞ்சள் என் விரலிலிருந்து கண்ணாடிக் குப்பிக்குள் இறங்கியிருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருள் ஆல்கஹாலில் கரைந்துவிட்டால், கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாலும் ஒளிரும்.

இதைக் கண்டுபிடித்ததும் நான் செய்த முதல் வேலை, நோட்டில் எழுதியிருந்த அந்த இரண்டு நாள் எண்களையும் பிளேடால் சுரண்டி எடுத்தது. அதை எங்கள் பிரிவுத் தலைவி பார்த்துவிட்டார். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இந்த வயதிலும் போனில் கூப்பிட்டுச் சண்டை போடுவார். கோபி ஊர்ப் பக்கத்துக்காரர். எங்களுக்கெல்லாம் வெறும் மேடம். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர், ஆனால் கோபம் நூறு வயதுக்காரர் கோபம்.

"இதென்ன அம்மணி, எலி கரண்டுன மாதிரி சொரண்டி வெச்சிருக்கறே? தப்பா எழுதிப்போட்டா ஒரே ஒரு கோடு போடு. அடிச்சாலும் அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கோணும்" என்றார்.

தப்பு என்று தெரிந்த பிறகு அதை எதற்காகப் படிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வீம்புக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனாலும் பயந்துகொண்டு அன்றிலிருந்து ஒரே கோடு போடப் பழகினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பனியன் கடையில் பளீரென்று தெரிவதற்கு ஒரு பவுடர் காரணம். வியாபாரத்தில் அதை வொயிட்னர் என்பார்கள். அதன் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். துணியில் இருக்கும் லேசான மஞ்சள் அந்த நீலத்தில் மறைந்துபோகும். பவுடர் நல்லதா என்று பார்க்க, ஒரு துளியூண்டை எடை போட்டுத் தண்ணீரில் கரைத்து, எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்போம். ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் நல்ல பவுடரை நூறு என்று கொண்டால், வந்த பவுடர் எத்தனை என்று சான்றில் எழுதுவோம்.

சூலூர்ப் பக்கம் ஒரு வெளுப்பு ஆலையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு சாம்பிள் வந்தது. போத்தனூரில் கிடங்கு வைத்திருந்த யூசுப் பாய் என்ற வியாபாரியின் சரக்கு. ரயிலில் வந்து இறங்கும் டிரம்களை எடுத்து ஆலைகளுக்குக் கொடுப்பவர். அதுவரை அவர் சொல்லுக்கு மேல் யாரும் சோதனை கேட்டதில்லை. ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர்தான் எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும் என்று அனுப்பியிருந்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை, அது அவர் வேலை.

அது கோடைக்காலம். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை மின்வெட்டு. மின்சாரம் இல்லாமல் கருவி ஓடாது. சும்மா உட்கார்ந்திருப்பது மேடத்துக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் பழைய தராசில் எடை போட்டு, கரைத்து, குடுவைகளை ஜன்னலோர மேசையில் வரிசையாக வைத்துவிடுவேன். நாலு மணிக்கு மின்சாரம் வந்ததும் மளமளவென்று அளந்து முடித்தால் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கலாம். ஜன்னல் மேற்குப் பார்த்தது. நல்ல வெயில், நல்ல காற்று. என் சுறுசுறுப்பில் எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று ஒரே பவுடரை மூன்று குடுவைகளில் கரைத்து வைத்தேன். நாலு மணிக்கு, ஒப்பிடும் நல்ல பவுடரை அப்போதே புதிதாகக் கரைத்து வைத்துக்கொண்டு, அளந்தேன். முதல் குடுவை அறுபத்தொன்று, இரண்டாவது அறுபத்திரண்டு, மூன்றாவது தொண்ணூறு. இரண்டு ஒத்துப்போகின்றன, ஒன்று ஒத்துப்போகவில்லை. மூன்றாவதில் எடை போடும்போது கை தவறியிருக்கும் என்று முடிவு செய்து, தொண்ணூறின் மேல் ஒரு கோடு போட்டேன். சான்றில் அறுபத்தொன்று என்று டைப் ஆனது. மேடம் கோபி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஆலை ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. சனி, ஞாயிறு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு யூசுப் பாய் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, தொப்பி, கக்கத்தில் குடை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏனுங்ம்மா, நானு போத்தனூர் யூசுப்புங்க. உங்க ரிப்போர்ட்டு விசயமா வந்தனுங்க."

"ரிப்போர்ட்டை மாத்தித் தர முடியாதுங்க" என்றேன் எடுத்த எடுப்பில்.

"மாத்தச் சொல்லலீங்க. பவுடர்ல உப்பக் கலந்துபோட்டேன்னு சூலூரு, பல்லடம் பூராப் பேச்சாப் போச்சுங்க. இன்னைக்குப் பொழுதோட அஞ்சு மணிக்கு ஆலையில கூட்டமுங்க. நாலஞ்சு ஆலைக்காரங்க வாராங்க. இனிமே என்ற சரக்க எடுக்கறதா, வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. நான் கலக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா காயிதத்துல இருக்குதே."

"வேற சாம்பிள் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. கொண்டாந்தா நல்லதாப் பொறுக்கிட்டு வந்துட்டேம்பீங்க. உங்ககிட்ட மிச்சமிருக்கறதையே மறுக்கா ஒருக்காப் பாருங்க. நான் அந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

கலப்படக்காரர்கள் இப்படித்தான் பணிவாகப் பேசுவார்கள் என்று மனதுக்குள் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது. அவரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காகத்தான் மீதி பவுடரை எடுத்தேன். மின்சாரம் இருந்தது, கரைத்த கையோடு அளந்தேன். தொண்ணூற்றெட்டு.

நம்பாமல் இன்னொரு முறை எடை போட்டேன். தொண்ணூற்றேழு.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் "உங்க சரக்கு நல்லதுதானுங்க" என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அறுபத்தொன்று என்று சத்தியம் செய்த அதே நான்தான் இன்று தொண்ணூற்றெட்டு என்கிறேன். எதை நம்புவது? காரணம் தெரியாமல் திருத்தினால், பிடித்த எண்ணைப் பொறுக்கி எடுத்த மாதிரிதான் ஆகும். மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்கு மின்சாரம் போய்விடும். அதற்குள் காரணம் தெரிய வேண்டும்.

நோட்டைத் திறந்தேன். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அதற்குக் கீழே ஒரே கோடு போட்டு அடித்த தொண்ணூறு. கோட்டுக்கு அடியில் எண் தெளிவாகத் தெரிந்தது. பிளேடால் சுரண்டியிருந்தால் அப்படி ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிருக்கும்.

அந்தத் தொண்ணூறையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குடுவையில் மட்டும் என்ன வித்தியாசம்? அதே பவுடர், அதே தண்ணீர், அதே மேசை. சட்டென்று நினைவு வந்தது. அந்தக் குடுவையின் அடி சரியில்லை, மேசையில் நிற்காமல் ஆடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று ஜன்னல் வழியாகப் பிய்த்துக்கொண்டு அடித்தது. விழுந்துவிடுமோ என்று, சாப்பிட்டுக் கழுவி வைத்திருந்த என் டிபன் கேரியரின் பெரிய கிண்ணத்துக்குள் அதை நிறுத்தியிருந்தேன். சோற்றுப் பாத்திரத்தில் ஆய்வகக் குடுவையா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. அது தனிக் குற்றம். ஆனால் மற்ற இரண்டும் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றபோது, இது ஒன்று மட்டும் எவர்சில்வர் கிண்ணத்துக்குள் நிழலில் இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் குட்டு விழுந்தது. வொயிட்னர் மூலக்கூறு நீட்டிய காலைப் போல நேராக இருக்கும்போதுதான் நன்றாக ஒளிரும். தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது வெளிச்சம் பட்டால், விழுங்கிய ஒளியைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாக அந்தச் சக்தியில் நடுவே மடங்கிக்கொள்ளும். மடங்கியது ஒளிராது. டிரம்மில் பொடியாக இருக்கும்போதோ, துணியில் ஒட்டிக்கொண்ட பிறகோ அப்படி எளிதில் மடங்க அதற்கு இடம் கிடைக்காது. கரைசலில்தான் இந்தத் தொல்லை. இதையெல்லாம் கல்லூரியில் படித்து, பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கியவள் நான். ஜன்னல் மேசைக்கு வந்தபோது அந்தப் பாடம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் இது என் ஊகம்தான். நிரூபிக்க வேண்டும். ஒரே கரைசலை இரண்டு குடுவைகளில் ஊற்றினேன். டைப்ரைட்டர் மேசையிலிருந்து கார்பன் பேப்பரை எடுத்து ஒன்றை முழுவதும் சுற்றிக் கட்டினேன். மற்றதை வெறுமனே விட்டேன். வாடிக்கையாளரை உள்ளே விடக் கூடாது என்று விதி உண்டு. அன்று அந்த விதியை மீறி யூசுப் பாயிடம் ஒரு குடுவையைக் கொடுத்து, "மொட்டை மாடிக்கு வாங்க" என்றேன். குடையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

உச்சி வெயில். இருபது நிமிடம் இரண்டு பேரும் குடுவைகளுக்குக் காவல் நின்றோம். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "குடையை விரிச்சுக்குங்க" என்றேன்.

"வேண்டாமுங்க. நெழல் அந்தக் கண்ணாடி மேல பட்டுருமுங்களே" என்றார். காரணத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை. நான் செய்ததைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார்.

கீழே வந்து கார்பன் பேப்பரைப் பிரித்து, இரண்டு குடுவைகளையும் புற ஊதா விளக்குள்ள கறுப்புப் பெட்டிக்குள் வைத்து அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். சுற்றி வைத்தது நீலமாக ஜொலித்தது. வெயில் பட்டது மங்கிக் கிடந்தது. கருவியில் அளந்தேன். ஒன்று தொண்ணூற்றேழு, மற்றது ஐம்பத்தெட்டு.

பாய் பெட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரெண்டும் ஒரே பவுடர்தானுங்களே?" என்றார்.

"ஒரே பவுடர்தானுங்க."

"அப்ப என்ற சரக்கு மேல குத்தமில்லீங்களா?"

"இல்லீங்க. குத்தம் என் மேலதான்."

அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு நாளா ஊட்ல யாரும் சரியாச் சாப்பிடலீங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஒன்றரை மணிக்கு மேடம் கோபியிலிருந்து வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் பார்த்தார், பெட்டிக்குள் பார்த்தார், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சரி. ரெண்டாவது சாம்பிள் வந்துச்சு, சோதிச்சோம், தொண்ணூத்தேழுன்னு புதுசா ஒரு ரிப்போர்ட் அடிச்சுக் குடு. பழசு அப்படியே கெடக்கட்டும்."

"மேடம், ரெண்டாவது சாம்பிள்னு போட்டா, முதல்ல கலப்படம் பண்ணிட்டு அப்புறமா நல்ல சரக்கக் காட்டுனார்னு ஆயிடுமுங்களே."

"ஒரு ரிப்போர்ட் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு நம்ம எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க, அம்மணி. இங்க பத்துப் பேரு பொழைக்கறோம்."

அது பொய்யான பயம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை என்பதும் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக பெஞ்சு தெரிந்தது. பாய் மணி பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க, அடிச்சாலும் அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கோணும்னு. நோட்டுக்கு மட்டுந்தானுங்களா அது?"

மேடம் என்னை முறைத்தார். அடி விழும் என்றே நினைத்தேன். மின்விசிறி நின்றது. இரண்டு மணி, மின்சாரம் போய்விட்டது. அந்த அமைதியில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"ஃபைல்ல இருக்கற காப்பியக் கொண்டா."

வெள்ளிக்கிழமைச் சான்றின் நகலைக் கொடுத்தேன். அறுபத்தொன்றின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தொண்ணூற்றேழு என்று எழுதினார். "நீயும் கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். கீழே என்னையே டைப் அடிக்கச் சொல்லி அவர் சொன்ன வாசகம் இது: "கரைசலை வெயிலில் வைத்ததால் எங்கள் ஆய்வகத்தில் நேர்ந்த தவறு. சரக்கில் குறை இல்லை." டைப்ரைட்டருக்கு மின்சாரம் வேண்டாம் என்பதில் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

யூசுப் பாய் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பைமேல் கையை வைத்துக்கொண்டே படியிறங்கினார். "வாரேனுங்க" என்ற குரல் மட்டும் கீழிருந்து கேட்டது.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. இதே ஜன்னல் மேசையில் வேறு யாருடைய பிழைப்பையெல்லாம் வெயிலில் வைத்தேனோ? மேடமும் நானும் பதிவேட்டை எடுத்து மின்வெட்டு தொடங்கிய நாளிலிருந்து வரி வரியாகப் பார்த்தோம். உப்புத் தண்ணீர், காரம், துணியின் சாயம் போகும் சோதனை, இவைதான் இருந்தன. வெயிலில் மடங்கும் சங்கதி வேறு ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தை மூடியபோது மேடம் "அப்பாடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முதல் தடவையாகக் கேட்டேன். குடுவையைத் தாளால் சுற்ற வேண்டும் என்ற வரியை அன்றே புரொசீஜரில் சேர்த்தேன்.

ஐந்தரை பஸ்ஸை விட்டேன். மேடமும் கிளம்பவில்லை. "கூட்டம் ஆரம்பிச்சிருக்குமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். ஆறேகாலுக்குப் போன் அடித்தது. மேடம் எடுத்து, கேட்டு, என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்ம்மா, சரக்க எடுத்துக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க. நாலு பேரும்" என்றார் யூசுப் பாய். பின்னால் பஸ் சத்தம் கேட்டது, ஏதோ கடையிலிருந்து பேசுகிறார்.

"அந்தக் காயிதத்த நம்புனாங்களா?"

"அதையேனுங்க கேக்கறீங்க. அடிச்ச நம்பரத்தானுங்க எல்லாரும் மொதல்ல படிச்சாங்க. படிச்சுப்போட்டு, மேனேஜரு சொன்னாரு, தன்ற தப்பத் தானே எழுதிக் குடுக்கறவன் இதுல ஏன் பொய் சொல்லப் போறான்னு. அப்புறம் ஒரு பேச்சுமில்லீங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். இப்போது எழுதும்போதும் அந்த நிம்மதி அப்படியே திரும்ப வருகிறது. அவர் மட்டும் அன்று கோபித்துக்கொண்டு வராமலே இருந்திருந்தால், அந்த அறுபத்தொன்றை நான் இன்றுவரை நல்ல வேலை என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஒத்துப்போகாத எண்ணை அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் அது எங்கே நின்றிருந்தது, யார் நிழலில் இருந்தது என்று விசாரித்துவிட்டு அடியுங்கள். சான்று கேட்டு வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால், அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

அழுது முடித்த பிறகுதான் மதியம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. டிபன் கேரியரைத் திறந்தேன். தயிர்சோறு அந்த வெக்கையில் நன்றாகவே புளித்திருந்தது. மேடம் மூடியை எடுத்து நீட்டினார். பாதியை அதில் போட்டேன். அதே ஜன்னல் மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம்.

சாப்பிட்டதும் மேடம் அந்தப் பெரிய கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா வெச்சே?"

"ஆமாங்க மேடம்."

"ஆய்வகக் குடுவையச் சோத்துப் போசில வெச்சதுக்கு உன்னைத் தனியா ஒரு நாளைக்குத் திட்டறேன். இன்னைக்கு வேண்டாம்."

அவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை அந்த நாள் வரவேயில்லை.